நீல பல்பும் பெர்க்மான்ஸ் ஜடையும்

நீல நிறத்தில் அந்தக் குட்டி பல்பு இந்த உலகத்திலேயே கிடையாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் கொழுந்தன் அமலதாஸ்தான், பாப்பா. எண்பத்தைந்தாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை. மெட்ராஸிலிருந்து வந்த களைப்பில் பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்று சொன்னான்.

"மதினி, நீலம் இல்ல."

"கடையில தீர்ந்துபோச்சா?"

"கடையில இல்ல, உலகத்துலயே இல்ல. இன்னும் கண்டுபிடிக்கலையாம். கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், மதினி."

நீயும் சிரிக்கிறாய். எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது. ஏனென்றால் அந்த இல்லாத பல்பை நான் ஏற்கனவே மாதாவுக்கு நேர்ந்துவிட்டிருந்தேன்.

ஜன்னல் பக்கம் நீயே இரு, எனக்கு பஸ் காற்று ஒத்துக்கொள்ளாது. நீங்கள் வேதமா, கிறிஸ்தவங்களா? இல்லையா, பரவாயில்லை. நேர்ச்சை என்றால் உங்களுக்கும் தெரியும்தானே. கோயமுத்தூரில் என் மகன் இருக்கிறான், பெர்க்மான்ஸ். ஸ்பின்னிங் மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். அவனைப் பார்க்கத்தான் போகிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான். என்மேல் கோபமாம். எதற்குக் கோபம் என்று எனக்கே விளங்கவில்லை. நீ படித்த பிள்ளை, கேட்டுவிட்டு நீயே சொல்லு.

மணப்பாறைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து. ரேடியோ ரிப்பேர், மைக் செட்டு, திருவிழாவுக்கு சீரியல் செட்டு எல்லாம் அவர்தான். அந்தக் காலத்து சீரியல் செட்டு பாப்பா, ஒரு பல்பு செத்தால் மொத்த வரிசையும் துக்கம் கொண்டாடும். இவர் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பூசை முடிந்து ஜனமெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும், இவர் மட்டும் கோபுரத்தில் தொங்குவார்.

ஒரு தடவை துபாய்க்காரர் ஒருவர் டேப்ரிக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுத்தார். அதில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு, எல்.ஈ.டி என்பார்களே, அது. அதைக் கழற்றி பேட்டரியில் எரியவிட்டு இந்த மனுஷர் பார்த்தார் பார், கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

"சகாயம், தொட்டுப் பாரு. சுடவே இல்ல. இது ஃப்யூஸே போகாதாம். நம்ம செத்தாலும் எரியுமாம்."

சகாயமேரி என் பெயர். பிரியமாக இருந்தால் சகாயம்.

பிறகு என்ன, பிடித்தது பைத்தியம். அமலதாஸ் மெட்ராஸில் வேலையில் இருந்தான், ரிச்சி தெருவில் வாங்கி அனுப்புவான். செபஸ்தியார் வேதத்துக்காக அம்படி பட்டவர்; அவர் திருநாளுக்குச் சிலையில் அம்பு குத்தின இடத்திலெல்லாம் ஒவ்வொரு சிவப்பு விளக்கு வைத்தார் இவர். விட்டு விட்டு மின்னும். பாவம், செபஸ்தியார் திருவிழா முழுக்க மின்னி மின்னிச் செத்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். பங்குச் சாமியார் மட்டும், "இன்னாசி, அவர் வேதசாட்சிப்பா, பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் இல்ல" என்றார். அந்தோணியாருக்குப் பச்சை. சூசையப்பருக்கு மஞ்சள். நீயே சொல்லு, சிவப்பு இருக்கிறது, பச்சை இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது. அப்போது நீலமும் இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? மளிகைக் கடையில் துவரம்பருப்பும் உளுந்தும் பாசிப்பருப்பும் இருந்தால் கடலைப்பருப்பு இருக்காதா?

அந்த மாசியில்தான் பெர்க்மான்ஸுக்குக் காய்ச்சல். ஒன்றரை வயது. திருச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கண் செருகிவிட்டது, பாலை வாயில் விட்டால் ஓரமாக வழிகிறது. டாக்டர் இந்து. அவரே வந்து, "உங்க மாதாவை வேண்டிக்கங்கம்மா" என்றார். டாக்டர் வாயிலிருந்து அது வந்தால் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்.

கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டேன். "மாதாவே, பிள்ளையைக் குடுத்துடு. உன் தலையைச் சுத்திப் பன்னிரண்டு நட்சத்திரம், சுடாத பல்புல, உன் முக்காட்டு நீலத்துல எரிய வைக்கிறேன். அது எரியிற அன்னைக்குத்தான் உன் முன்னாடி உக்கார வச்சு இவனுக்கு முதல் முடி இறக்குவேன். அதுவரைக்கும் இவன் தலையில கத்தி படாது. பட்டா நீயே எடுத்துக்க."

மனசிலிருந்து வந்த வார்த்தை, பாப்பா. யோசித்துச் சொன்னதில்லை. பக்கத்தில் இவர் நின்றார். எலக்ட்ரீஷியன்! "நீலம் கிடைக்குதான்னு தெரியல சகாயம், பச்சைன்னு சொல்லு" என்று ஒரு வார்த்தை காதில் போட்டிருக்கலாம் இல்லையா? தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

மறுநாள் சாயங்காலம் பிள்ளை பால் கேட்டு அழுதான். மாதா அவள் பங்கை முடித்துவிட்டாள், உடனுக்குடன். எங்கள் பங்குதான் நின்றது. பெரிய வியாழக்கிழமை அமலதாஸ் வந்து வாசலில் நின்ற கதை இதுதான்.

"வானத்துல நீலம் இருக்கு, மயில்ல இருக்கு, வேட்டிக்குப் போடுற சொட்டு நீலத்துல இருக்கு, பல்புல மட்டும் இல்லையா?" என்று அவனைப் பிடித்துக் கத்தினேன்.

"என்னைத் திட்டி என்ன பண்ண மதினி? நானா பண்றேன்?"

இவர் என்னென்னவோ செய்து பார்த்தார். சிவப்பு விளக்கின்மேல் நீலக் கண்ணாடிப் பேப்பரைச் சுற்றினார். கறுப்பாகப் போனது. பச்சைமேல் சுற்றினார், பாசி பிடித்த கிணறு மாதிரி தெரிந்தது. "சாதாரண பல்புக்கு நீலப் பெயின்ட் அடிச்சு வச்சிடுவோம், மாதாவுக்கு என்ன தெரியப் போவுது" என்றார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. மாதாவுக்குத் தெரியாதாம்! சுடாத பல்பு என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் பங்குச் சாமியாரிடம் போனது. கூப்பிட்டுவிட்டார்.

"தோத்திரம் சாமி."

"தோத்திரம், தோத்திரம். சகாயமேரி, இல்லாததை நேர்ந்தா அது செல்லாது. எனக்கு அதிகாரம் இருக்கு, வேற நேர்ச்சையா மாத்தித் தர்றேன். பத்துக் கிலோ மெழுகுவர்த்தி வாங்கி வை. பிள்ளைக்கு முடியை எடு."

"சாமி, புடவை தர்றேன்னு சொல்லிட்டுப் பாய் குடுத்தா என் நாத்தனாரே வாங்க மாட்டா. மாதா வாங்குவாங்களா?"

"நீலம்தான் வேணும்னு மாதா கேட்டாங்களா? பைபிள்ல, திருவெளிப்பாட்டுல பன்னிரண்டு நட்சத்திரம்னுதான் இருக்கு. கலர் போடலையே."

"கலர் போடாதது எழுதினவர் குத்தம் சாமி."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆசீர்வாதம் பண்ணத்தான் கையைத் தூக்குகிறார் என்று நான் குனிந்தேன். அவர் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. கண்டுபிடிக்கவில்லை என்றால் கண்டுபிடிக்க வைக்க வேண்டியதுதானே. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபமாலையில், பாப்பரசருக்காக ஒன்று, மரித்த ஆத்துமாக்களுக்காக ஒன்று, அப்புறம் நீல பல்பு கண்டுபிடிக்கிறவர்களுக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம். தினமும். முதலில் தெருவில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. பக்கத்து வீட்டு ரெஜினா தன் வீட்டிலும் சொல்ல ஆரம்பித்தாள், அவள் தன் மாமியார் மூட்டுவலியையும் அதோடு சேர்த்துக்கொண்டாள்.

அமலதாஸ் ஊருக்கு வரும்போதெல்லாம் விசாரிப்பேன். "எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"அமெரிக்காவுல பெரிய பெரிய கம்பெனியெல்லாம் கையைத் தூக்கிட்டாங்களாம் மதினி. வெளிச்சம் தர்ற கல்லையே மாத்தி, வேற கல்லுல பண்றோம்னு போயிட்டாங்களாம்."

"அப்போ யாரு மிச்சம்?"

"ஜப்பான்ல ஒருத்தர் ரெண்டு பேர் விடாம பண்றாங்களாம்."

"வேதக்காரங்களா?"

"புத்தமா இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். மாதா அதெல்லாம் பார்க்க மாட்டா."

அது என்ன கஷ்டம் என்று கேட்டேன். ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை ஆவியாக்கிப் படிய வைக்க வேண்டுமாம். மேலே படிகிறது கீழே இருக்கிறதோடு ஒட்டாமல் வெடித்து வெடித்துப் போகிறதாம். "இதுக்கா இத்தனை பேர் படிச்சாங்க? புதுத் தோசைக்கல்லுல முதல்ல வெங்காயத்தைத் தேச்சு, மெல்லிசா ஒண்ணு ஊத்தி எடுத்துட்டு, அப்புறம் தோசை ஊத்த வேண்டியதுதானே" என்றேன். பிற்பாடு பார்த்தால் அதைத்தான் பாப்பா செய்திருக்கிறார்கள். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, அதன்மேல் மற்றது. அமலதாஸ், "நீங்க சொல்றதுக்கு முந்தியே அவங்க பண்ணிட்டாங்க மதினி" என்கிறான். முந்தி பண்ணியிருந்தால் ஏன் அத்தனை வருஷம் ஆனது? இதை நான் பெர்க்மான்ஸின் கல்யாணத்தில் அவன் மாமனாரிடம் சொன்னேன். இவன் இலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பாயசம் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

சரி, இவன் முடிக்கு வருகிறேன். நல்ல முடி. என் முடி. மூன்று வயதில் தோளுக்கு வந்தது, ஐந்து வயதில் இடுப்புக்கு. மூத்தவள் ஜெசிந்தாதான் பின்னிவிடுவாள். சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் ஒரு தொந்தரவும் இல்லை, ரிப்பன்கூட அவர்களே வாங்கிக் கொடுப்பார்கள். மூன்றாம் வகுப்பில் புது டீச்சர் இவனைப் பெண் பிள்ளைகள் வரிசையில் உட்கார வைத்துவிட்டாள். இவனும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறான், வருஷக் கடைசி வரைக்கும். கபடியில் இவனைத்தான் எல்லோரும் முதலில் கூப்பிடுவார்கள். எவ்வளவு பிரியம் பார் என்று நினைத்தேன். ஜெசிந்தாதான் சொன்னாள், "அம்மா, ஜடையைப் பிடிச்சா லேசா அவுட் பண்ணலாம்னு கூப்பிடுறாங்கம்மா" என்று.

வீட்டில் வந்து ஒன்றும் சொல்ல மாட்டான். பொறுமைசாலி. நான் அவனிடம் ஒளிவுமறைவு வைத்ததில்லை பாப்பா. விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லித்தான் வளர்த்தேன். நீ மாதாவிடம் கடனாக வாங்கின பிள்ளை, நீலம் வருவதற்கு முன்னால் கத்தி பட்டால் அவள் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

அவனுக்கு ஏழு வயது இருக்கும்போது அமலதாஸ் ஓட்டமாக வந்தான். "மதினி, வந்திருச்சு!" தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து ஒரே ஒரு பல்பு. வீடே கூடிவிட்டது. இவர் ஒயரை இணைத்தார். ஒன்றும் தெரியவில்லை. கதவைச் சாத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம், ஓட்டுக்கண்ணாடியில் சாக்கைப் போட்டு மூடினோம். ரெஜினா பல்புமேல் கையைக் குவித்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்து, "ஏதோ இருக்கு அக்கா" என்றாள். நானும் பார்த்தேன். மின்மினிக்கு சளி பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

"இதுவா? இதை மாதா தலையில வச்சா, பக்கத்துல இன்னொரு விளக்கு வச்சுத்தான் காட்டணும்."

"இப்போதைக்கு இவ்வளவுதான் மதினி முடிஞ்சிருக்கு."

பெர்க்மான்ஸ் என் புடவையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, எரியுதும்மா. நல்லா எரியுது. எனக்குக் கண்ணு கூசுதும்மா."

"பொய் சொல்லாத."

"நிஜமா எரியுதும்மா. வேணும்னா மாதாவையே கேளு."

நான் அவனைத் திட்டவில்லை. மடியில் உட்கார வைத்து, பொய் சொன்னால் மாதா அழுவாள் என்று பக்குவமாகத்தான் சொன்னேன். பல்பைப் பஞ்சோடு அமலதாஸிடமே திருப்பிக் கொடுத்தேன். இவன் அந்தத் தீப்பெட்டியை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். பிள்ளைகளுக்கு எதில்தான் ஆசை இல்லை.

ஆறாம் வகுப்புக்குப் பையன்கள் பள்ளிக்கூடம். பிரதர்மார் நடத்துகிறது. ஹெட்மாஸ்டர் பிரதர் இவனை மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"இது பையனா, பொண்ணாம்மா?"

"மாதா பிள்ளை, பிரதர்."

"மாதா பிள்ளைங்களுக்கும் இங்க யூனிஃபார்ம் உண்டு."

நான் எல்லாக் கதையையும் சொன்னேன். பெல் அடித்து, அடுத்த பெல்லும் அடித்தது. கடைசியில் அவர், "கொண்டை போட்டு மேல வெள்ளைத் துணி கட்டிட்டு வரட்டும். ஜப்பான்காரன் எப்போ முடிப்பான்னு எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். நல்ல மனுஷர்.

இவருக்குத்தான் விசுவாசம் குறைந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து நான் வருகிறேன், முற்றத்தில் பெர்க்மான்ஸை ஸ்டூலில் உட்கார வைத்து, கத்திரியோடு நிற்கிறார்.

"போதும் சகாயம். பயலோட மூக்கைப் பாரு, எவனோ உடைச்சிருக்கான். என் பிள்ளை மனுஷனா வளரணும்."

"வெட்டுங்க. காய்ச்சல் வந்தா நீங்க பதில் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். சத்தம்கூடப் போடவில்லை. நான் அவரைத் தடுப்பதற்கு முன்னால் பையனே ஸ்டூலிலிருந்து குதித்து ஓடிவந்து என் பின்னால் நின்றுகொண்டான். ஜடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா, வெட்டாதப்பா" என்று கதறுகிறான். பார், பதினோரு வயதுப் பிள்ளைக்கு இருந்த விசுவாசம் அப்பனுக்கு இல்லை. இவர் கத்திரியைக் கீழே போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு நான் மாதாவுக்கு நன்றி சொன்ன மாதிரி என்றைக்கும் சொன்னதில்லை.

கொஞ்சம் கடலை மிட்டாய் எடுத்துக்கொள். மணப்பாறை முறுக்கும் இருக்கிறது, அது அவனுக்கு. சரி, நீ ஒன்று எடு, தெரியவா போகிறது.

அப்புறம் வந்தது பாப்பா. தொண்ணூற்று நாலில் பேப்பரில் போட்டிருக்கிறது என்று அமலதாஸ் எழுதினான். ஜப்பானில் ஒரு சின்ன ஊர்க் கம்பெனியில், மற்றவர்கள் கைவிட்ட கல்லையே பிடித்துக்கொண்டு ஒருவர் முடித்துவிட்டார். மங்கல் இல்லை, நிஜமான வெளிச்சம். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் பாதை போட்டு வைத்திருந்தார்களாம். ரொம்ப வருஷம் கழித்து ஸ்வீடனில் மூன்று பேருக்கும் பெரிய பரிசு கொடுத்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருத்தரையும் கூப்பிடவில்லை.

பல்பு கைக்கு வர இன்னும் ஒரு வருஷம். இவர் பழைய ஆம்ப்ளிஃபையரை விற்றுத்தான் பன்னிரண்டு வாங்கினார். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாள். கோயிலில் நிற்க இடமில்லை. கம்பி வளைத்துக் கிரீடம் செய்து, மாதா தலையில் வைத்து, இவர் சுவிட்சைப் போட்டார்.

ஐயோ, அந்த வெளிச்சம்! கோயில் முழுக்க 'ஆ' என்றது. நான் அழுதுகொண்டே முழங்கால் போட்டேன். அப்புறம்தான் மெதுவாக நிமிர்ந்து மாதா முகத்தைப் பார்த்தேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன, கிணற்றில் விழுந்தவளைத் தூக்கிப்போட்டால் எப்படி இருப்பாள், அப்படி இருந்தது. உதடு கறுப்பு. கன்னம் நீலம். மடியிலிருந்த குழந்தை இயேசுவோ, கேட்கவே வேண்டாம். முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் வீறிட்டு அழுதன. ரெஜினா என் காதில், "அக்கா, மாதாவுக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள். பங்குச் சாமியார் புதியவர், சின்ன வயது, நல்லபடியாகத்தான் சொன்னார்: "முடியை மட்டும் சீக்கிரம் எடுத்து முடிச்சிடுங்கம்மா. அதுவரைக்கும் எரியட்டும்."

பீடத்துக்கு முன்னால் மணையில் பெர்க்மான்ஸ் உட்கார்ந்தான். முடி முட்டிக்கு வந்திருந்தது. முடி எடுக்கிறவர் கத்தியை நனைத்துக்கொண்டு, "தம்பி, ஆடாத" என்றார். ஆடவில்லை அவன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான், பல்லைக் கடித்துக்கொண்டான். கத்தி பட்டதும் ஒரு தடவை உடம்பு தூக்கிப்போட்டது, அவ்வளவுதான். முடிந்ததும் சந்தனம் பூசினோம். கண்ணைத் திறந்தான். தலையைத் தடவிப் பார்த்தான். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்:

"அம்மா, இனிமே நான் செத்துப்போக மாட்டேன்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். என்ன குறும்பு பார். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பேன். நீ ஏன் சிரிக்கவில்லை?

கிரீடம் அன்றைக்கே இறங்கிவிட்டது. இப்போதும் கோயில் பீரோவில்தான் இருக்கிறது, போன வருஷம் கோயில்பிள்ளை எரியவிட்டுக் காட்டினான். பன்னிரண்டும் எரிகிறது. மாதா பயன்படுத்தவில்லை, அது அவள் விருப்பம். நான் கொடுத்துவிட்டேன்.

ஆனால் பார் பாப்பா, அந்த நீலம் இப்போது எங்கே இல்லை? டீக்கடையில், ஆட்டோவில், இதோ இந்த பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல். அமலதாஸ் இன்னொன்றும் சொன்னான். இப்போது வீட்டில் எரிகிற வெள்ளை பல்பும் உள்ளே நீலம்தானாம், மேலே மஞ்சளாக ஒரு பூச்சு பூசி வெள்ளையாக்கிவிடுகிறார்களாம். உன் போனில் வெளிச்சம் வருகிறதே, அதிலும் அதுதானாம். அப்போது அதற்குள்ளே என் மகன் ஜடை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வது.

பெர்க்மான்ஸுக்குத்தான் அதில் ஒரு பெருமையும் இல்லை. முப்பது வயதிலேயே முன்மண்டை காலி, இப்போது முழு வழுக்கை. மீதியையும் மாதா வட்டிக்கு எடுத்துக்கொண்டாள் என்று நான் வேடிக்கையாகச் சொன்னால், எழுந்து போய்விடுவான். அவன் வீட்டில் டிவிக்கு அடியில் பொட்டு மாதிரி ஒரு நீல விளக்கு எரியும். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறான். மிக்ஸிக்கு ஒட்டியிருக்கிறான், சார்ஜருக்கு ஒட்டியிருக்கிறான். கண் கூசுகிறதாம். கண் டாக்டரிடம் போடா என்றேன், கேட்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இந்தத் திருவிழாவுக்குக் கோயிலில் மலர் என்று ஒரு புத்தகம் போட்டார்கள். பழைய போட்டோ இருந்தால் கொடுங்கள் என்றார்கள். என்னிடம் இவனுடையது ஒன்று இருந்தது, நாலாம் வகுப்பில் எடுத்தது, இரண்டு ஜடை, இரண்டு ரிப்பன், அவ்வளவு அழகு. கொடுத்தேன். முழுப் பக்கத்தில் போட்டார்கள். அதை யாரோ போனில் எடுத்து அனுப்பி, அது சுற்றிச் சுற்றி அவன் மில் ஆட்களுக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம். போன் பண்ணினான். நான் சந்தோஷமாக, "பார்த்தியாடா, எப்படி வந்திருக்கு!" என்றேன்.

அப்புறம் சொன்னான், "அம்மா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா?"

"என்னத்தைடா கேக்கச் சொல்ற? உனக்கு அப்போ ஒண்ணரை வயசு. பேச்சே வரல."

வைத்துவிட்டான். அதோடு சரி. திருவிழா முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலமும் வந்துவிட்டது. மருமகள் எடுத்தால், "வேலையா இருக்கார் அத்தை" என்கிறாள். இப்போது அவளும் எடுப்பதில்லை. எங்கள் வீட்டுக்காரர், "அவனைக் கொஞ்ச நாள் விடு சகாயம்" என்கிறார். அவருக்கென்ன, ஆண்பிள்ளை. நான் ஜெபமாலையில் அவனுக்காக ஒரு மந்திரம் சேர்த்திருக்கிறேன். பாப்பரசருக்கு அடுத்தது அவன்தான். நேற்று அதைச் சொல்லும்போது, முற்றத்தில் ஸ்டூலிலிருந்து குதித்து ஓடிவந்தானே, அந்த முகம்தான் கண்ணில் நின்றது. மந்திரம் பாதியில் விட்டுப்போய்விட்டது. எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை. காலையில் எழுந்து முறுக்கைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சூலூர் வந்துவிட்டதா? அப்போது சிங்காநல்லூர் பக்கம்தான். எப்போதும் அவன்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப்போவான், எனக்கு வீட்டுக்கு வழி தெரியாது.

பாப்பா, என் போனில் போட்டால் ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. உன் போனில் ஒரு தடவை போட்டுத் தருகிறாயா? நம்பர் சொல்கிறேன். அவன் எடுத்ததும் என்னிடம் கொடு, நான் முதலில் பேசவில்லை, அவன் பேசுவதைக் கேட்டுக்கொள்கிறேன்.